ஓநாய் மனிதனுக்காக ஒரு வழக்கு

சித்தாண்டியைச் சேர்ந்த மாணவ நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர், சிறுகதையொன்றை எழுதி மலரொன்றின் ஆசிரியர் குழுவிடம் கொடுத்தார். முழுநிலா நாளிலே ஓநாயாக மாறும் இளைஞன் ஒருவனும், அவன்பாற் காதல் கொள்ளும் பிறிதோர் இளைஞனுமே அக்கதையின் மாந்தர். ஓநாயாக மாறுபவன் சிறுவயதிலே தந்தையின் கையால் வதைபட்டவன்; எவரேனும் கையை உயர்த்தினால், அது தலையைக் கோதுவதற்கென்றாலும், ஒடுங்கிப் போகின்றவன். மற்றவன் அவனைச் சங்கிலியாற் கட்டுவதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, வயல் வரம்பிலே விடியும்வரை காத்திருக்கின்றான். கதை அவ்வளவே. "இது எமது மண்ணுக்குரியதன்று" என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது. அந்த வரியோடு வாதிடுவதே எனது நோக்கம்.

முதலில் விலங்கைப் பற்றி. இலங்கையிலே ஓநாய் இல்லை என்பது மெய்யே, நரி உண்டு. நரி பரியானதையும் இரவிலே அப்பரி மீண்டும் நரியானதையும் மாணிக்கவாசகர் வரலாற்றிலே படித்து மெய்சிலிர்ப்போர், உருமாற்றம் மேனாட்டுச் சரக்கென்று எவ்வாறு கூறத் துணிந்தனர்? சித்தாண்டி முருகன் கோயிலிலே கைகூப்பி நிற்போர் அறியாத கதையா இது? கடல் நடுவே மாமரமாய் நின்ற சூரன், வேலாற் பிளவுண்டு, சேவலும் மயிலுமாகிச் சினந்து பாய்கின்றான். முருகன் அவற்றை மீண்டும் பிளக்கவில்லை. அருள்நோக்கினாற் சினத்தைத் தணித்து, ஒன்றைக் கொடியாகவும் மற்றதை ஊர்தியாகவும் ஏற்றுக்கொள்கின்றான். எமது நண்பரின் கதையிலே வரும் காதலன் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

மேனாட்டாரிடத்தும் ஓநாய் மனிதன் எப்பொழுதும் கொடியவனாக இருந்தானல்லன். 12ஆம் நூற்றாண்டிலே மரீ டி பிரான்ஸ் என்னும் பெண்புலவர் பாடிய 'பிஸ்க்லாவ்ரே' என்னும் கதைப்பாட்டிலே, மனைவி ஆடையை ஒளித்தமையால் மனித உருவை மீளப் பெறமுடியாது போன பிரபு ஒருவன், ஓநாயாகவே அரசனைச் சரணடைகின்றான். அரசன் அவ்விலங்கைக் காத்து வளர்க்கின்றான். இறுதியிலே தன் கட்டிலில் மனிதனாய்த் துயில்பவனைக் கண்டு ஆரத் தழுவுகின்றான். இதனைக் காதற்கதை என்று நான் வலிந்து கூறவில்லை. நம்பியவராற் காயப்பட்ட உயிர் ஒன்றுக்குப் பிறிதோர் ஆடவனின் பரிவு மருந்தாகின்றது என்பதை மட்டுமே குறிப்பிடுகின்றேன்.

இனி, காதலைப் பற்றி. ஆடவரிடையேயான உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கில ஆட்சியாளர் இயற்றியது. ஆகவே கடல் கடந்து வந்தது காதலா, தண்டனையா என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1995இலே இக்கோவை திருத்தப்பட்டபோது நிகழ்ந்த விந்தை ஒன்றுண்டு. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்னும் குற்றம் 365ஆ பிரிவாகப் புதிதாகச் சேர்க்கப்பட்டது; வதைபட்ட சிறுவனுக்கும் அதிலே இடமுண்டு. அதே திருத்தம், முன்னர் ஆடவரை மட்டுமே சுட்டிய 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. காயம் ஒரு பிரிவு, காதல் அடுத்த பிரிவு, இரண்டுமே குற்றம். ஆடவரைக் காதலிக்கும் ஓர் இளைஞன், சிறுவயதிலே தனக்கு நேர்ந்ததைக் கூறப் பொலிஸ் நிலையத்தின் படியேறுவானா? தன்னைப் பற்றி என்ன வினவப்படும் என்பதை அவன் அறியானா? அத்தகைய காதலைக் குற்றமாக்கும் நிலையை நீக்க முனைந்த தனியார் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்திலே உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும், அது சட்டமாகாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது.

ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' வெளிவந்தது 1994இலே. ஆண்மை பயிற்றுவதற்கென்று அனுப்பப்பட்ட பாடசாலையிலே தமிழ்ச் சிறுவன் ஆர்ஜி காண்பது அதிபரின் பிரம்பு. அங்கேயே அவன் ஷெஹானின் அன்பையும் காண்கின்றான். அந்நாவல் ஆங்கிலத்திலே எழுதப்பட்டமை தற்செயல் என்று நான் கருதவில்லை. ஒடுக்கப்பட்டோருக்காகவே இலக்கியம் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக முழங்கி வரும் எமது விமரிசகர்கள், வீட்டின் அடைத்த கதவுக்குப் பின்னால் நிகழும் ஒடுக்குமுறையை வர்க்க அட்டவணையின் எந்தக் கட்டத்திலே சேர்த்தனர்?

நண்பரின் கதையிலே குறையில்லை என்று வாதிட வரவில்லை. நிலா வருணனை மிகை. முதல் வடிவத்திலே, ஒரே தழுவலில் எல்லாக் காயமும் ஆறிவிட்டதாக எழுதியிருந்தார். அது பொய் என்று நானே அவரோடு சண்டையிட்டேன். திருத்திய வடிவத்திலே ஓநாய் ஓநாயாகவே இருக்கின்றது. விடியலில் வரம்புக்குத் திரும்பி வந்து, நீட்டிய கையை முகர்ந்து பார்க்கின்றது, அவ்வளவுதான். ஆசிரியர் குழு இக்குறைகளுள் ஒன்றையேனும் எடுத்துக் கூறியிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியம் ஏற்பட்டிராது.

நண்பர் அதன் பின்னர் எழுதவில்லை. கையெழுத்துப் பிரதி, பதினான்கு தாள்கள், என்னிடமே இருக்கின்றது. அச்சிட முன்வருவோர்க்கு, அவரது இசைவு பெற்றுத் தருவேன்.