நமக்குள்ளே என்ன காகிதம்?

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். சாலையின் ஒருபுறம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். மறுபுறம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். இரண்டுக்கும் நடுவே வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடையும், அதன் முன்னே ஒரு நீண்ட பெஞ்சும் உண்டு. ஆய்வுக்காக அவ்வூருக்குச் செல்லும் நாட்களில், பேரேடுகளைப் பார்த்து முடித்தபின் நானும் அந்தப் பெஞ்சில் ஓர் ஓரமாக அமர்வது வழக்கம். நான் அமர்ந்ததும் சற்று நேரம் பேச்சு அடங்கும். "இன்ஸ்பெக்டர் வந்துட்டாருங்க" என்று யாரேனும் சொல்லி நகர்ந்து இடம் தருவர். டீ வந்ததும் பேச்சு மீண்டும் பழைய தடத்தில் ஓடத் தொடங்கும்.

அங்கே பேசப்படுவன பெரிய விஷயங்கள் அல்ல. ரேஷன் கடைக்குத் துவரம் பருப்பு வந்துவிட்டதா, பாமாயில் எப்பொழுது வரும், இரண்டு மாத மின் கட்டணம் ஏன் இவ்வளவு ஏறிற்று, சமையல் எரிவாயு உருளையைப் பதிவு செய்து எத்தனை நாளாயிற்று, தாயாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளை பெருந்துறைக்கு யார் போகிறார்கள், போகிறவர் அப்படியே ஒரு காரியம் செய்து வரக் கூடுமா என்பன போன்றவையே. இவ்விதப் பேச்சை வீண்பொழுது என்று இகழும் பெரியோர் சிலர் நம் சங்கங்களிலும் உண்டு. அவர்களுடைய கருத்து எனக்கு உடன்பாடானதன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு கடையைத் திறந்தார்கள். அவர்களுள் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸ் மாவும் கலப்படமின்றி நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கவலை. அவர்களும் வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசிப் பேசியே அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் போகும் வழியில் நால்வருடைய காரியத்தையும் முடித்து வருவது, எழுதப்படாத கூட்டுறவு அன்றி வேறென்ன?

அண்மைக் காலத்தில் இந்தப் பெஞ்சில் மிகுதியாக அடிபடும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் பழைய கார். முன்பெல்லாம் நூல் சிப்பங்களை மொபெட்டின் முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு போவார்கள். விரலி மஞ்சளை வாடகை வண்டியில் ஏற்றுவார்கள். இப்பொழுது ஓரளவு வசதி உள்ளவர்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். நடுநிசியில் பிரசவ வலி கண்டாலும், முதியவருக்கு மூச்சு முட்டினாலும் வாசலில் ஒரு வண்டி நிற்பது எவ்வளவு ஆறுதல் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. மாருதி ஆம்னி என்னும் வண்டிக்கு நெசவாளரிடையே தனி மதிப்பு. பின் இருக்கையை எடுத்துவிட்டால் பாவும் நூலும் சௌகரியமாக ஏற்றலாம். அதன் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. ஆயினும் பழைய வண்டிகளுக்குக் கிராக்கி குறையவில்லை.

வண்டியைச் சோதிப்பதில் நம் அங்கத்தினர்கள் பெரிய சமர்த்தர்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில் மாடு பிடித்துப் பழகிய கண்கள் அல்லவா? பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார்கள்; சுழியைப் பார்ப்பார்கள்; நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்; அதன் பிறகே துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அதே சாமர்த்தியத்தை இன்று காரின் மீது காட்டுகிறார்கள். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் கருவியை ஒருவரும் நம்புவதில்லை. அதைக் குறைத்து வைப்பது எளிது என்பதை யாவரும் அறிவர். மிதிகட்டையின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்து, கருவி மட்டும் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று சொன்னால், ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு. 3219 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் உற்பத்தியானது. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் முடுக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் நாம் வருமுன்பே அதைச் சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சென்னையிலிருந்து வந்த வண்டியானால், இருக்கை வாரை முழுநீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார் என்று ஒரு தறிக்காரர் சொன்னார். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் அங்கே எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. மேலே எவ்வளவுதான் மெருகேற்றினாலும், உள்ளே சுருண்டு கிடக்கும் வாரின் நுனியில் சேற்றுக்கறை நின்றுவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பட்டதாரியாகிய எனக்கு இவற்றுள் பாதி தெரியாது.

இவ்வளவும் அந்நியரிடம் வாங்கும்போது. நண்பரிடம் வாங்கும்போது இந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கே போகிறது என்பதே என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் அதே பெஞ்சில் ஒரு விற்பனை நடந்தது. மஞ்சள் பயிரிடும் விவசாயி ஒருவர் தம் ஆம்னியை நெசவாளர் ஒருவருக்கு 90,000 ரூபாய்க்குக் கொடுத்தார். இருவரும் பள்ளிப் பருவம் முதல் நண்பர்கள். ஒருவரையொருவர் "மாப்பிள்ளை" என்றே அழைத்துக்கொள்வர். நெசவாளர் தம் மனைவியின் சங்கிலியைச் சங்கத்தில் அடகு வைத்துப் பணம் கொண்டு வந்திருந்தார். பணம் எண்ணப்பட்டது, சாவி கைமாறியது. பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 எண்ணுள்ள படிவங்களில் விவசாயி கையெழுத்தை மட்டும் இட்டு, மற்றதை நிரப்பாமலே நண்பரிடம் கொடுத்தார். "எப்ப வேணுமோ அப்ப மாத்திக்கோ மாப்பிள்ளை. நமக்குள்ளே என்ன காகிதம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய டீக்கு விவசாயியே காசு கொடுத்தார். நானும் அந்த டீயைக் குடித்தேன். ஒரு தீர்மானத்தில் தேதி விடுபட்டிருந்தால் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காரியதரிசியிடம் விளக்கம் கேட்பவன் நான். அன்று வாய் திறக்கவில்லை. இருவருடைய மகிழ்ச்சிக்கு நடுவே சட்டம் பேசுவது நாகரிகமன்று என்று எண்ணிவிட்டேன்.

அந்தப் படிவங்கள் வண்டியின் முன்பெட்டியிலேயே கிடந்தன. ஓராண்டு கழித்து நெசவாளருக்குப் பண நெருக்கடி ஏற்பட்டது. அவர் வண்டியை வேற்றூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். நிரப்பாத படிவங்களும் கூடவே போயின. அந்த வேற்றூர்க்காரரின் மகன் ஓர் இரவு சத்தியமங்கலம் சாலையில், ஆலை வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒருவர் மீது மோதிவிட்டான். அவருடைய கால் முறிந்தது. காப்பீடு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அறிவிப்பு யாருக்கு வந்தது? வண்டியை மறந்தே போயிருந்த மஞ்சள் விவசாயிக்கு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வாங்கியவர் செய்துகொள்வார் என்று விற்றவர் வாளாவிருக்க இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், வண்டி ஒருவர் மாற்றி ஒருவராகப் பலருடைய கைக்குப் போயிருந்தது. பதிவுப் புத்தகத்திலோ முதலாமவர் பெயரே இருந்தது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு அவரையே சாரும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. விபத்தில் அடிபட்டவர், விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் நியாயம். யோசித்தால் அது நியாயமே. கால் முறிந்த அந்த ஆலைத் தொழிலாளி, பெஞ்சில் நடந்த நட்பைக் கண்டாரா?

விவசாயியின் பங்காக ஏறக்குறைய 3 லட்ச ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. விலை ஏறட்டும் என்று இருப்பு வைத்திருந்த மஞ்சளைக் கிடைத்த விலைக்கு விற்றார். நெசவாளர் 20,000 ரூபாயை மகனிடம் கொடுத்தனுப்பினார். விவசாயி அதை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். வாங்கியிருந்தாலாவது நட்பு பிழைத்திருக்கும் என்று அவ்வூரில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படியே தோன்றுகிறது. இப்பொழுது ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் டீக்கடைக்கு வருகிறார்கள்.

காகிதம் கேட்டால் நட்பில் நம்பிக்கை இல்லை என்று பொருள்படும் என்பதே இதற்கெல்லாம் வேர். இந்த எண்ணம் நம்மிடையே எப்படி வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. நெசவாளர் சங்கத்தில் நூலை எடை போட்டுக் கொடுக்கிறார்கள். பாஸ் புத்தகத்தில் பதிகிறார்கள். நெய்த துணியைக் கொண்டு வந்தால் மீண்டும் எடை, நீளம், அகலம் எல்லாம் பார்த்துக் கூலி கணக்கிடுகிறார்கள். "நான் நூலைத் திருடுவேன் என்றா எடை போடுகிறீர்கள்?" என்று எந்தத் தறிக்காரரும் கோபித்துக்கொண்டதை நான் கேட்டதில்லை. எடை போடாமல் கொடுத்தால்தான் அவர் சந்தேகப்படுவார். மஞ்சள் மூட்டைக்கும் அப்படியே. எடைச் சீட்டு இல்லாமல் எந்த விவசாயி வீடு திரும்புவார்? சங்கத்தில் பதிவு என்பது மரியாதையாக இருக்க, டீக்கடையில் மட்டும் அது அவமதிப்பாக மாறுவது விந்தை.

நண்பர்களிடம் பழைய வண்டி வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நண்பரிடம் வாங்குவதே மேல். எங்கே இடித்தது, எந்த மெக்கானிக் பார்த்தார், கியர் எப்பொழுது சிக்கும் என்பதை அவரே உண்மையாகச் சொல்லிவிடுவார். ஆனால் முழுத் தொகையையும் முதல் நாளே எண்ணிக் கொடுக்க வேண்டாம். ஐயாயிரமோ பத்தாயிரமோ நிறுத்தி வைத்து, பெயர் மாறிய புத்தகம் கைக்கு வந்த அன்று கொடுக்கலாம். இதனால் இருவருக்குமே அவசரம் பிறக்கும். பதிவுப் புத்தகத்தில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கடன் பாத்தியதை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் தீர்ந்திருந்தாலும், புத்தகத்தில் அது நீக்கப்படாவிட்டால் பெயர் மாற்றம் நின்றுபோகும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றும்படி வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். வண்டியின் வயதையும் கணக்கிட வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். அதைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மலிவாகக் கிடைத்ததென்று 14 ஆண்டு ஓடிய வண்டியை வாங்கி, மறு ஆண்டே இச்செலவையும், அதற்காகச் செய்ய வேண்டிய தகர வேலை, பெயிண்ட் செலவையும் கண்டு திகைத்தவர்களை நான் அறிவேன். இதற்காகச் சங்கிலியை அடகு வைப்பது தகுமா என்பது வேறு விஷயம். அதைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. மற்றொரு சமயம் எழுதுவேன்.

சங்கங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பெயர் மாற்ற விண்ணப்பத்தை இப்பொழுது இணையத்தில் பதிய வேண்டியிருப்பதால், பலர் இடைத்தரகரை நாடுகிறார்கள். அல்லது "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். நம் சங்கங்களில் கணிப்பொறி இருக்கிறது. அதை இயக்கத் தெரிந்த எழுத்தரும் இருக்கிறார். அங்கத்தினர் இருவர் தமக்குள் வண்டியை விற்று வாங்கினால், அந்தப் படிவங்களை நிரப்பித் தருவதற்கு வாரத்தில் ஒரு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? இது சங்கத்தின் துணைவிதிகளில் இல்லையே என்று சில காரியதரிசிகள் கேட்பார்கள். இல்லைதான். ஆய்வில் அதைக் குறையாக எழுத மாட்டேன்.

சென்ற மாதம் அதே பெஞ்சில் ஒரு மோட்டார் சைக்கிள் விலை பேசப்பட்டது. விற்பவரும் வாங்குபவரும் மைத்துனர்கள். மஞ்சள் விவசாயி அன்று எக்காரணத்தாலோ மாலையில் வந்திருந்தார். விற்பவர் "நமக்குள்ளே என்ன…" என்று தொடங்கி, அவரைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். விவசாயி தம் டம்ளரைக் கீழே வைத்து, "நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிட்டு வந்துருங்க. வண்டிச் சாவியை அதுக்கப்புறம் குடுங்க" என்றார். இம்முறை நானும் வாய் திறந்தேன். மறுநாள் காலை 10 மணிக்கு அவ்விருவரும் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். போகும் வழியில் பெஞ்சில் இருந்தவர்கள் சொல்லியனுப்பிய மூன்று வீட்டுக் காரியங்களையும் முடித்துக்கொண்டு திரும்பினார்களாம்.