முக்கோணம் போட்டுக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள்



நம் குழுவில் இரண்டு நாளாக ஒரு படம் சுற்றுகிறது. ஒரு முக்கோணம். உச்சியில் வி, அடியில் ஐ, பக்கத்தில் ஆர். எது வேண்டுமோ அதை விரலால் மூடினால் மீதி விடையாம். "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பகிரவும்" என்று கீழே ஒரு வேண்டுகோள் வேறு. பகிர்ந்தவர்களில் நாலைந்து பேர் இன்றைக்கு அறிவியல் ஆசிரியர்கள், என்னிடம் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அந்தப் படம் தப்பில்லை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். இதற்கு விரல் எதற்கு, முக்கோணம் எதற்கு? எட்டாம் வகுப்பில் வகுத்தல் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு வரி. ஆனால் விரலால் மூடும்போது ஒரு வார்த்தையும் சேர்ந்து மூடிப்போகிறது. "வெப்பநிலை மாறாதபோது." பாடப்புத்தகத்தில் ஓம் விதியின் முதல் வரியிலேயே இருக்கும். நாம் மனப்பாடம் செய்யச் சொல்வோம், பிறகு அதைப் பற்றி வாயே திறக்க மாட்டோம்.

ஜார்ஜ் சைமன் ஓம் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர், ஜெர்மனியில் கொலோன் நகரத்தில். அன்றைய மின்கலத்தில் அழுத்தம் நிலையாக நிற்காமல் அவரைப் படாதபாடு படுத்தியது. கடைசியில் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார். 1827-இல் புத்தகம் வந்தது. அவர் நாட்டிலேயே பலர் அதை மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது 1841-இல்தான். அளக்கும்போது எது மாறக்கூடாது என்று அவ்வளவு பாடுபட்டவரின் விதியை நாம் விரலால் மூடி விளையாடுகிறோம்.

பரணில் பழைய 60 வாட் குண்டு பல்பு கிடந்தால் எடுங்கள். 60-ஐ 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர். 230-ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 880 ஓம். முக்கோணத்துக்கு வேலை முடிந்தது. இப்போது அதே பல்பைக் கழற்றி வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள், 60, 70 ஓம்தான் காட்டும். அந்த எண்ணை வைத்துத் திறன் போட்டால் 60 வாட் பல்பு 800 வாட் ஆகிவிடும்! இரண்டு கணக்கும் சரி. ஒன்று வெள்ளையாகக் கனன்று எரியும் இழைக்கு, மற்றது ஆறிக் கிடக்கும் இழைக்கு. பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் பட்டென்று போவதும் இதனால்தான். முக்கோணத்தில் இதைப் பார்க்க எங்கே இடம் இருக்கிறது?

"பல்பெல்லாம் யார் சார் இப்ப போடறா?" என்பீர்கள். சரி, மோட்டாருக்கு வருவோம்.

பாகூர் பக்கம் நம் உறவில் ஒரு தம்பி ஒரே கோடையில் இரண்டு முறை போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டினார். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்த மகன் சொன்னானாம்: "வோல்டேஜ் குறைஞ்சா கரண்ட்டும் குறையும்பா, ஓம் விதி. ஒண்ணும் ஆகாது." நல்ல மார்க் வாங்கிய பையன்தான்.

5 குதிரைத்திறன் மூன்று ஃபேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். அழுத்தம் 340-க்கு இறங்கினாலும் கீழே இருக்கும் தண்ணீர் அதே தண்ணீர், ஏற்ற வேண்டிய உயரமும் அதே உயரம். வேலை குறையாது. அதனால் மோட்டார் கரண்ட்டைக் கூட்டி இழுக்கும், சுமார் 9 ஆம்பியருக்கு மேல். காயிலில் எழும் வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறதே என்று அதையும் ஏற்றி வைத்துவிட்டால் காயில் கருகாமல் என்ன செய்யும்? மோட்டார் வெறும் தடை அல்ல என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. விரலால் மூடத்தான் சொல்லிக் கொடுத்தோம்.

வீட்டுக்குள் வாருங்கள். 2000 வாட் ஹீட்டர், 8.7 ஆம்பியர். மெயினிலிருந்து 40 மீட்டர் தள்ளி, 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இணைத்திருக்கிறீர்கள். போக வர 80 மீட்டர், தடை ஒன்றரை ஓமுக்குச் சற்றுக் குறைவு. 8.7-இன் வர்க்கத்தால் பெருக்குங்கள், 110 வாட் வருகிறது. அது தண்ணீரைச் சுடவைக்கவில்லை, சுவருக்குள் கம்பியைச் சுடவைக்கிறது, அதற்கும் பில் கட்டுகிறோம். இதைவிட மோசம் தளர்ந்த பிளக். தொடும் இடத்தில் அரை ஓம் இருந்தால் போதும், ஏறக்குறைய 38 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளக் ஏன் பழுப்பாகி வாசனை வருகிறது என்று இப்போது தெரிகிறதா? பியூஸ் போனால் கைக்கு அகப்பட்ட செம்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றும் மகானுபாவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

"மார்க் வாங்க வேண்டாமா சார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வாங்கட்டும். இப்போது நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அந்தப் பாடத்திலேயே மின்வெப்பம், திறன், யூனிட் கணக்கு எல்லாம் இருக்கின்றன. வில்லியனூரில் இருந்தாலும் கரையாம்புத்தூரில் இருந்தாலும் பிள்ளையின் வீட்டில் ஒரு மீட்டரும் ஒரு பில்லும் இருக்கின்றன. ஹீட்டரின் அடியில் வாட் அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்கச் சொல்ல ஆய்வகம் வேண்டாம், ஒரு பீரியட் போதும்.

பகிர்ந்த ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு கணக்கு. 75 வாட் சீலிங் ஃபேன், 230 வோல்ட், 0.33 ஆம்பியர். முக்கோணப்படி 700 ஓம். ஃபேனைக் கழற்றிக் காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் அதைவிட வெகுவாகக் குறைவாக வரும். இந்தத் தடவை வெப்பநிலை காரணம் இல்லை. என்ன காரணம்? விடையைக் கமெண்டில் போடுங்கள். படமாக வேண்டாம், எழுத்தில்.