கொயினாவும் சோறும்

வைத்தியர் அரசியலிற் புகுந்தால் நோயாளருக்கு நட்டம் என்பர் சிலர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களின் வாழ்வு அக்கூற்றை மறுக்கின்றது. தென்னிலங்கையில் வைத்தியஞ் செய்த அவர், 1931இல் மொறவக்கத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1934–35இல் மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டபோது, சூரியமல் இயக்கத்தினரோடு கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி புரிந்தார். காய்ச்சலுக்குக் கொயினா உண்டு. அதைத் தாங்கும் உடம்புக்குச் சோறு வேண்டுமே! மழை பொய்த்து, மந்தத்தால் வேலையும் அற்றிருந்த காலம். வறியோரும் குழந்தைகளுமே பெருந்தொகையாய் மாண்டனர். பசி தீர்க்கும் வழியை மருந்துச்சாலை காட்டாது, சபையிலேதான் கேட்கவேண்டும். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாசக் கட்சியைத் தாபித்தோருள் அவரும் ஒருவர். மறு ஆண்டுத் தேர்தலில் மொறவக்க வாக்காளர் அவரைத் தோற்கடித்தனர்.