“கேபிள்னா கேபிள்தானே சார்” என்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வாக்கி டாக்கி, ஹாம் ரேடியோ பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் முழுதும் படியுங்கள்.

ஹாம் தேர்வுக்குப் படிக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கையடக்க ரேடியோவை கம்ப்யூட்டரில் இணைத்து அலைவரிசை பதிய கேபிள் வாங்கப் போனார்கள். கடைக்காரர் பதில்: “எல்லாம் ஒண்ணுதான், விலை குறைஞ்சதை எடுத்துக்கோங்க.” இந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இது வெறும் ஒயர் அல்ல. ரேடியோ பேசுவது பழைய சீரியல் மொழி. கம்ப்யூட்டர் பேசுவது யு.எஸ்.பி. மொழி. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக ஒரு சிப், அந்த யு.எஸ்.பி. முனைக்குள் இருக்கிறது. நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

பெரும்பாலும் மூன்று வகை: ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ., தைவானின் புரோலிஃபிக், சீனாவின் சி.எச். 340. முதல் இரண்டுக்கும் போலிகள் ஏராளம். போலி வாங்கினால் என்ன ஆகும்? 2014-ல் எஃப்.டி.டி.ஐ. டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலி சிப்பின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கியது. நேற்றுவரை ஓடிய கேபிள் இன்று செத்த பாம்பு. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகே பின்வாங்கினார்கள். புரோலிஃபிக் இன்னும் ஒரு படி மேல். 2012-லேயே நிறுத்திய தன் சொந்த பழைய சிப்பையும் புது டிரைவரில் ஏற்க மறுத்து, “விற்றவரைக் கேளுங்கள்” என்று எழுதிக் காட்டுகிறது.

போலி செய்தவனும் தப்பினான், விற்றவனும் தப்பினான். தண்டனை யாருக்கு? கடைசியில் வாங்கிய பிள்ளைக்கு. இது நியாயமா?

“பழைய டிரைவர் போட்டா ஓடும் சார்” என்பார்கள். ஓடும். அடுத்த அப்டேட் வரும்வரை. ஒவ்வொரு தடவையும் ஆள் தேடி ஓடுவதற்கா கேபிள்?

இன்னொரு கூட்டம், “சீனச் சாமானே வேண்டாம்” என்கிறது. இதிலும் எனக்கு உடன்பாடில்லை. திருட்டுத்தனமாக வந்த சீனப் பட்டாசால் நம் சிவகாசித் தொழில் அடிபட்டபோது நாம் குரல் கொடுத்தோம். சரிதான். ஆனால் சி.எச். 340 தன் சொந்தப் பெயரில் நேர்மையாக விற்கும் மலிவு சிப். எஃப்.டி.டி.ஐ. பெயரைத் திருடி ஒட்டிய சிப்பை விட அது எவ்வளவோ மேல். குற்றம் ஊரில் இல்லை, பொய் லேபிளில் இருக்கிறது. லேபிள் அச்சடித்தே வாழும் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

ஆகவே என் கருத்து:

1. “உள்ளே என்ன சிப்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள்.

2. வசதியிருந்தால் நம்பகமான இடத்தில் அசல் எஃப்.டி.டி.ஐ.; இல்லையேல் சி.எச். 340. பெயர் தெரியாத ‘புரோலிஃபிக்’ வேண்டாம்.

3. ரேடியோவுக்கு ரேடியோ முனை மாறும். பாவ்ஃபெங் போன்றவற்றில் கென்வுட் வகை இரட்டை முனை, 2.5, 3.5 மில்லிமீட்டர். அது முழுதும் உள்ளே இறங்கவில்லை என்றால் நல்ல சிப்பும் வேலை செய்யாது. டிரைவரைத் திட்டும் முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

4. சிர்ப் என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் ரேடியோவில் இருப்பதைப் படித்துச் சேமியுங்கள், பிறகே எழுதுங்கள். அரசு தந்த மடிக்கணினியில் லினக்ஸ் இருந்தால் அதிலேயே செய்யலாம். மூன்று சிப்புக்கும் டிரைவர் அதிலேயே உண்டு.

கேபிள் கிடைத்துவிட்டது என்பதற்காக எந்த அலைவரிசையிலும் பேசிவிட முடியாது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் ஹாம்களுக்கு உரியது. அதற்கு மத்திய அரசின் தேர்வும் உரிமமும் வேண்டும். 2018 முதல் உரிமமின்றி அனுமதித்திருக்கும் 446.0–446.2, குறைந்த திறன் கருவிகளுக்கு மட்டும். தெரியாமல் காவல்துறை அலைவரிசையில் போய் உட்கார்ந்தால் “கேபிள் மேல் தப்பு” என்று தப்பிக்க முடியாது. பட்டாசு ஆலைப் பக்கம் இதைக் கொண்டு போகவே போகாதீர்கள். மருந்து இருக்குமிடத்தில் செல்போனுக்கு உள்ள தடை இதற்கும் பொருந்தும்.

இவ்வளவு பேச என்ன அவசியம் என்பீர்கள். 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி செத்தபோது, அங்கே இருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் ஹாம் ரேடியோதான் செய்தி கொண்டு வந்தது. அர்ச்சுனா நதியில் வெள்ளம் வந்து டவர் சாய்ந்தால், ஆனைக்குட்டம் அணைக்கரையிலிருந்து பேசப் போவது நம் பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம். அந்தப் பிள்ளை, நூறு ரூபாய் போலி சிப்பால் முதல் வாரமே மனம் வெறுத்து ரேடியோவை மூலையில் போட்டுவிடக் கூடாது.

கடைக்காரத் தம்பிகளே, பெட்டியின் மேல் சிப்பின் பெயரை எழுதி விற்கப் பழகுங்கள். வாங்குகிறவர்களே, கேட்கப் பழகுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.