கைநாட்டுக்காரன் மூளையிலும் கருவூலம் உண்டு!

கண்டமங்கலம் கடைத்தெரு. பொழுது புலர்ந்தும் புலராத நேரம். புதுவைக்கு வேலைக்குப் போகும் கொத்தனார்களும் சித்தாள்களும் தூக்குச் சட்டியோடு பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். தேநீர்க் கடைப் பெஞ்சிலே ஒரு பெரியவர். நேற்று வரை ஊருக்கே வழி சொன்னவர். இன்று தம் வீட்டுக்கு வழி தெரியாமல் விழிக்கிறார். தேடி வந்த மகனைப் பார்த்து, "தம்பி, நீ யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்கிறார்.

இந்தக் காட்சியை எந்த ஊரிலும் காணலாம். ஊர் என்ன சொல்லுகிறது? "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்கிறார் ஒருவர். "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்கணும்" என்கிறார் இன்னொருவர். "போன பிறவியில் செய்த வினை" என்று முடித்துவிடுகிறார் மூன்றாமவர். டாக்டரிடம் அழைத்துப் போ என்று சொல்லத்தான் ஆளில்லை!

தோழர்களே! இது வயதின் வேலையல்ல, வினையுமல்ல, நோய். 1906-இல் ஆலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர், மறதி முற்றி மாண்டுபோன ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்ததை உலகுக்குச் சொன்னார். அங்கே பேய் இல்லை, பிசாசு இல்லை. மூளையிலே படிந்திருந்த கசடு இருந்தது. நரம்பணுக்களுக்குள்ளே முறுக்கிக் கிடந்த இழைகள் இருந்தன. அவர் பெயராலேயே அந்த நோய் இன்று வழங்குகிறது. பக்கவாதத்தால் வருவது, மூளையின் முன்பகுதி தேய்வதால் வருவது என்று மறதி நோயிலே வேறு வகைகளும் உண்டு.

பணக்காரர் வீட்டு நோய்தானே என்று எண்ணிவிடாதீர்கள். 2023-இல் வெளிவந்த ஆய்வுக் கணக்கின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்த நோய். மொத்தம் ஏறத்தாழ 88 லட்சம் பேர். நகரத்திலே நூற்றுக்கு 5.3, கிராமத்திலோ 8.4! ஆண்களில் 5.8, பெண்களில் 9! எவருக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு மூடிக் கிடந்ததோ, அவர்களைத்தான் இந்த நோய் அதிகமாகத் தேடிப் பிடிக்கிறது. வறியவனுக்கு எழுத்தை மறுத்தார்கள் அன்று. முதுமையிலே நினைவையும் பறிகொடுக்கிறான் அவன் இன்று.

இந்த நோயை ஆராய்வதையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர் ஒருவரை நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். டாக்டர் சுவர்ணா அல்லாடி அம்மையார். நரம்பியல் மருத்துவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலே பயிற்சி பெற்றவர். பெற்ற பயிற்சியைத் தென்னாட்டுக்கே கொண்டுவந்தவர். ஐதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலே மறதி நோயாளிகளுக்கான மருத்துவப் பிரிவை நடத்தினார். பின்னர் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலே நரம்பியல் பேராசிரியரானார்.

ஐதராபாத்திலே அவர் கண்டது என்ன? தெலுங்கு பேசுவோர், உருது பேசுவோர், இரண்டும் பேசுவோர், இந்தியும் ஆங்கிலமும் சேர்த்துப் பேசுவோர் என்று பலதரப்பட்டவர்கள் அங்கே சிகிச்சைக்கு வந்தனர். அவர்களில் 648 நோயாளிகளின் குறிப்புகளை அம்மையாரும் தோழர்களும் ஆராய்ந்தார்கள். 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களுக்கு நோயின் அறிகுறி சராசரியாக 61 வயதிலே தலைகாட்டியது. இரு மொழி பேசியவர்களுக்கோ நாலரை ஆண்டு தள்ளி, 65 வயதைத் தாண்டித்தான் தலைகாட்டியது!

நாலரை ஆண்டு என்றால் சும்மாவா? பேத்தியின் திருமணத்தை அறிந்து மகிழும் ஆண்டுகள் அவை. பெற்ற மகனின் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டுகள் அவை.

கனடா நாட்டிலே இதுபோன்ற முடிவு முன்பே, 2007-இல், கிடைத்தது. ஆனால் அங்கே இரு மொழி பேசியவர்களில் பெரும்பாலோர் வேற்று நாட்டிலிருந்து குடியேறியவர்கள். பயன் மொழியால் வந்ததா, குடிபெயர்ந்த வாழ்வால் வந்ததா என்று கேட்க இடமிருந்தது. ஐதராபாத்திலே அந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே இரண்டாம் மொழி தெருவிலே கிடைக்கிறது, சந்தையிலே கிடைக்கிறது. படிப்பு, தொழில், நகரம், கிராமம் ஆகிய வேறுபாடுகளையெல்லாம் கழித்துப் பார்த்த பின்னும் அந்த இடைவெளி நின்றது.

இன்னும் கேளுங்கள்! எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே பயன் காணப்பட்டது. கைநாட்டு என்று எவனை ஏளனம் செய்தார்களோ, அவன் மூளையிலும் கருவூலம் உண்டு என்று ஆராய்ச்சி சொல்லிவிட்டது! விழுப்புரத்திலிருந்து பெங்களூருக்குப் போய்ச் சாரம் கட்டும் தொழிலாளி, மேஸ்திரியிடம் கன்னடத்திலும் மனைவியிடம் தமிழிலும் பேசுகிறானே, அப்போது அவன் மூளை என்ன செய்கிறது? ஒரு மொழியை எடுக்கிறது. மற்றதை அடக்கி வைக்கிறது. நாள்தோறும் நூறு முறை இந்தப் பயிற்சி. உடலுக்குத் தண்டால் எப்படியோ, மூளைக்கு இது அப்படி என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. 2015-இல் வந்த மற்றோர் ஆய்விலே, பக்கவாதம் கண்ட 608 பேரைப் பார்த்தார்கள். பின்னரும் அறிவுத் திறன் குன்றாதிருந்தவர்கள், இரு மொழியினரில் நூற்றுக்கு 40 பேர். ஒரு மொழியினரில் 20 பேர்தாம்.

மூன்றாவது மொழியும் பேசினால்? நான்காவது? இரண்டுக்கு மேலே எத்தனை மொழி ஏற்றினாலும் கூடுதல் பயன் இல்லை என்றது 2013 ஆய்வு. இதைப் படித்ததும் 1968-இல் சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கை உங்கள் நினைவுக்கு வரும்; எனக்கும் வந்தது. ஆனால் நேர்மை தவறலாகாது. அம்மையார் அரசியலுக்காக ஆராயவில்லை; அவர் பார்த்தது நோயாளிகளை, பள்ளிப் பாடத்திட்டத்தை அல்ல. நம் கொள்கை தன் காலிலேயே நிற்கும். அதற்கு நோயாளியின் ஊன்றுகோல் வேண்டாம். இன்னொன்று: இரண்டு மொழி நோயைத் தடுக்கும் மருந்தல்ல. அறிகுறி தள்ளிப்போனதைத்தான் ஆய்வு கண்டது.

சோதனை முறையிலும் ஓர் அநீதி இருந்தது. மேல்நாட்டிலே படித்தவர்களுக்காக வகுத்த கேள்விகளை, பள்ளி வாசலையே மிதிக்காத உழவனிடம் கேட்டால் அவன் எப்படித் தேறுவான்? நோயில்லாதவனும் நோயாளி ஆகிவிடுவான்! ஆகவே படித்தவர், படியாதவர் இருவருக்கும் பொருந்தும் சோதனைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு அம்மையார் இடம்பெற்ற குழு வகுத்தது. முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அவை உருவாயின. அந்த முதல் பட்டியலிலே தமிழ் இல்லை. இதற்கு யாரையும் ஏசிப் பயனில்லை. நம் மருத்துவக் கல்லூரிகள் முனைந்து நின்றால், தமிழ்ச் சோதனை எந்தப் பட்டியலிலும் முதலிலேயே இருக்கும்.

என்ன செய்யலாம் நாம்? முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் கிழமைக்கு ஒரு நாளாவது நினைவாற்றல் பிரிவு நடைபெற வேண்டும் என்று கேட்போம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வரும்போது, இரத்த அழுத்தம், சர்க்கரையோடு முதியவரின் நினைவையும் விசாரிக்கட்டும். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, குடி, காது மந்தம், தனிமை இவையெல்லாம் மறதி நோய்க்கு வாசல் திறப்பவை என்று 2024-இல் உலக மருத்துவ அறிஞர் குழு எடுத்துரைத்தது. ஆலை இரைச்சலில் காது இழந்த தொழிலாளிக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுப்பதும் மூளையைக் காக்கும் பணியே! நம் படிப்பகங்களிலே மாலைதோறும் ஓர் இளைஞர் பத்திரிகையை உரக்கப் படிக்கட்டும். பெரியவர்கள் கேட்கட்டும், வாதாடட்டும்.

தேநீர்க் கடைப் பெஞ்சிலே அமர்ந்திருக்கிறாரே அந்தப் பெரியவர், 1965-இல் கறுப்புக் கொடி ஏந்திய கை அவருடையதாகவும் இருக்கலாம். அவர் நம்மை மறந்துபோகலாம். அவரை நாம் மறக்கலாமா?