கழற்றி எறியும் தொட்டியும் கணக்கு வைக்கும் முள்ளும்

யதார்த்தம் என்ற சொல்லை இலக்கியத்தில் எவ்வளவோ புழங்கித் தேய்த்துவிட்டோம். கணினி விளையாட்டுகளின் உலகில் அது இன்னும் மோசமாகத் தேய்ந்திருக்கிறது. மேகம் மேகம்போல இருந்தால், இறக்கையின் உலோகத்தில் வெயில் பளபளத்தால், அதை யதார்த்தம் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பழைய போர்விமானம் ஒன்றைக் கணினியில் மறுபடியும் பறக்கவைக்கிறோம் என்றால், அதன் யதார்த்தம் அடியில் தொங்கும் எரிபொருள் தொட்டியில்தான் இருக்கிறது. அது எப்போது காலியாகும், எப்போது கழற்றி எறிவது, எறிந்தபின் வீடு திரும்ப எவ்வளவு மிஞ்சும் என்கிற அலுப்பூட்டும் கணக்கில் இருக்கிறது.

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டருக்காக 2014இல் வெளிவந்த மிக்-21பிஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். உடலுக்குள் ஏறத்தாழ 2,800 லிட்டர் கொள்ளும். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஆஃப்டர்பர்னரைச் சற்று நேரம் எரியவிட்டால் இந்த எண் எத்தனை சிறியது என்பது விளங்கிவிடும். ஆகவே வயிற்றுக்கு அடியில் 490 அல்லது 800 லிட்டர் தொட்டி ஒன்றை மாட்டிக்கொள்ளலாம், இறக்கைகளுக்கு அடியிலும் 490 லிட்டர் தொட்டிகளைச் சேர்க்கலாம். தொட்டி கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் எடையும் கூடும். எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் செலவாகும்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது எரிபொருள் முள். நம் இருசக்கர வண்டியின் முள், தொட்டிக்குள் கிடக்கும் மிதவையைக் கேட்டுச் சொல்வது. மிக்கின் முள் தொட்டியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. புறப்படும் முன் விமானியே ஒரு குமிழைத் திருகி, இன்ன அளவு இருக்கிறது என்று அதற்குச் சொல்லவேண்டும். அதன்பின் எஞ்சினுக்குப் போகும் எண்ணெயை மட்டும் கழித்துக்கொண்டே வரும். மாத முதலில் கையிருப்பை எழுதிவைத்துச் செலவை மட்டும் கழித்துவரும் குடும்பக் கணக்கு நோட்டைப் போன்றது. சட்டைப்பையில் ஓட்டை விழுந்து பணம் போனால் நோட்டுக்குத் தெரியாது.

விளைவுகளை யோசித்துப் பாருங்கள். மாட்டாத தொட்டியின் 800 லிட்டரையும் சேர்த்துத் திருகிவிட்டால், முள் எண்ணூறைக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே எஞ்சின் அணைந்துவிடும். எதிரியைக் கண்ட பதற்றத்தில் முந்நூறு லிட்டர் மிச்சமிருக்கும் தொட்டியைக் கழற்றி எறிந்தால், அந்த முந்நூறையும் இருப்பாகவே முள் காட்டிக்கொண்டிருக்கும். விமானிதான் மனத்துக்குள் கழித்துக்கொள்ளவேண்டும். வெளித்தொட்டி காலியானதற்கு ஒரு விளக்கு, கடைசி 450 லிட்டருக்கு ஒரு விளக்கு என்று தனியே உண்டு. முள் சொல்வதையும் விளக்கு சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே பறக்கவேண்டும். சண்டையைவிட இதுதான் உண்மையான வேலை.

மிக்-21க்கு முந்தைய தலைமுறை அமெரிக்க விமானமான எஃப்-86 சேபரில் சிக்கல் நேர்மாறானது. அதன் முள் உள்ளே இருப்பதை அளந்தே சொல்லும், வெளித்தொட்டியைக் கணக்கில் கொள்ளாது. கொரியப் போரில் (1950–53) சியோலுக்கு அருகிலுள்ள கிம்போவிலிருந்து யாலு ஆற்றுக்குச் சுமார் 320 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் 120 காலன், அதாவது சுமார் 450 லிட்டர் கொள்ளும் இரு தொட்டிகளோடு போனாலும், ஆற்றங்கரை வானத்தில் தங்க முடிந்தது இருபது நிமிடத்தைச் சுற்றித்தான். எதிரணியின் மிக்-15களுக்கோ ஆற்றின் மறுகரையிலேயே விமானதளம். மிக்குகளைக் கண்டதும் சேபர்கள் தொட்டிகளை உதறவேண்டும். உதறியபின் அவை சண்டைக்கு வராமல் வடக்கே திரும்பிவிட்டால், ரோந்து நேரம் பறிபோனதுதான் மிச்சம். ஒரு தொட்டி கழன்று மற்றொன்று ஒட்டிக்கொண்டால் அந்த விமானி திரும்பியாகவேண்டும். அவரைத் தனியே அனுப்பலாகாது என்பதால் துணை விமானியும் கூடவே திரும்பவேண்டும். ஒரு கொக்கியின் கோளாறால் இரண்டு விமானங்கள் குறைந்துபோகும்.

இவ்வளவையும் உழைத்து உருவாக்கிய சிமுலேட்டரிலேயே 'வரம்பற்ற எரிபொருள்' என்றொரு தெரிவும் இருக்கிறது. அதைவிட மோசமானது, அந்தத் தெரிவைத் தொடாமலே அதே பலனைப் பெறும் வழக்கம். இரு தரப்பின் தளங்களையும் கூப்பிடு தூரத்தில் வைத்து, ஏறிய ஐந்தாவது நிமிடம் சண்டை தொடங்கும்படி களம் அமைக்கிறார்கள். வெளித்தொட்டிக்கு அங்கே வேலையே இல்லை. மாட்டினாலும் ஓடுபாதையைத் தாண்டியதும் உதறிவிடுகிறார்கள். நாள் முழுக்க அலுவலகத்தில் மாடாய் உழைத்துவிட்டு வருபவன் கணக்கு எழுதவா உட்காருகிறான் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நேரம் இல்லாதவருக்காக, தனியே ஆடும்போது காலத்தை வேகமாக ஓட்டும் வசதி இருக்கிறதே. பயணத்தைச் சுருக்கலாம், கணக்கை ஏன் அழிக்கவேண்டும்?

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. 1963இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. இனி இங்கே அது அருங்காட்சியகப் பொருள். அருங்காட்சியகத்தில் உருவத்தைப் பார்க்கலாம், உலோகத்தைத் தொட்டும் பார்க்கலாம். அந்தக் குமிழைத் திருகி, எண்ணைச் சரிபார்த்து, தொட்டியை எறிந்தபின் மனத்துக்குள் முந்நூறைக் கழித்த மனிதரின் வேலை அங்கே இல்லை. அவர்களில் பலர் எழுதுபவர்களும் அல்லர். அந்த வேலையைப் பிறர் கை படிந்து செய்துபார்க்கும் வடிவத்தில் வைத்திருப்பது, எனக்குத் தெரிந்து, இந்தச் சிமுலேட்டர்கள்தாம். அதிலும் தொல்லைகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது விமானத்தின் பொம்மை மட்டுமே.

களம் அமைப்பவர்களிடம் என் கோரிக்கை சிறியது. தளங்களை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வையுங்கள். தளத்துக் கிடங்கில் எது எத்தனை இருக்கவேண்டும் என்று வரையறுக்கும் வசதி சிமுலேட்டரிலேயே உள்ளது. அதில் எட்டே எட்டுத் தொட்டிகளை மட்டும் விட்டுவைத்து, ஒரு சனிக்கிழமை மாலை ஆடிப்பாருங்கள்.