அடையாற்றங்கரையும் குடிகளின் வாக்கும்

அடையாற்றைச் சீர்ப்படுத்துவதற்குச் சுமார் 1,500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் நிறைவேற்றப்படும் என்று 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சென்னைச் சட்டசபையில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்டது. 44 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஆற்றைத் துப்புரவு செய்வது, சாக்கடை கலப்பதைத் தடுப்பது, கரையைப் பொதுமக்கள் பொழுது போக்கும் இடமாக அழகுபடுத்துவது, தனியார் பங்கோடு இவற்றைச் செய்வதற்கென்று ஒரு கம்பெனியை ஏற்படுத்துவது ஆகியவை அதன் அம்சங்கள். அடையாறு சுத்தமாக வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் உடையவர் ஒருவரும் இரார். மூக்கைப் பிடித்துக்கொண்டு சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடந்திருப்பவர் எவரும் இத்திட்டத்தின் நோக்கத்தை மறுக்கமாட்டார். நாம் எழுப்புகிற கேள்வி வேறு. கரையில் குடியிருக்கும் ஜனங்களின் அபிப்பிராயம் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது? படம் வரைவதற்கு முன்னாலா, படம் வரைந்து எல்லைக் கல்லும் நட்ட பின்னாலா?

இது பட்டணத்து விவகாரம், வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் இருப்பவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். சம்பந்தம் இரண்டு வகையில் உண்டு. முதலாவது, தண்ணீர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்த நீர் செம்பரம்பாக்கத்தை நாடுகிறது. செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாற்றில் விழுகிறது. ஆற்றின் தலைப்பென்று சொல்லப்படும் ஆதனூர் ஏரியும், அதற்கு நீர் தரும் ஏரித் தொடர்களும் நமது பக்கத்திலேயே உள்ளன. இவ்வட்டாரத்தில் நஞ்சையும் மேய்ச்சலும் மழைநீரை வாங்கித் தேக்கி நிதானமாக விட்ட காலம் ஒன்றிருந்தது. அந்நிலத்தில் பெரும் பகுதி இன்று சிமெண்டுத் தளமும் தார் ரோடுமாகி, மழை பெய்த நாழிகையிலேயே நீரைக் கீழே தள்ளி விடுகிறது. இரண்டாவது, மனிதர்கள். அடையாற்றங்கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதி படப்பையை அடுத்த நாவலூரில் அடுக்குமாடி வீடுகளில் கொண்டுவந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பட்டணத்துக்கு வெள்ளத்தை அனுப்புவதும் நமது ஜில்லா. அவ்வெள்ளத்தின் பெயரால் வீடிழந்தவர்களை ஏற்பதும் நமது ஜில்லா.

1971-ம் வருஷத்துக் குடிசைப் பகுதிச் சட்டத்தைப் படித்தவர்கள் அதன் நோக்கம் எவ்வளவு நேர்மையானது என்பதை அறிவார்கள். ஓர் இடம் குடிசைப் பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்டு விட்டால் அதை அபிவிருத்தி செய்யும் பொறுப்பு சர்க்காரைச் சாரும். அங்குள்ளவர்களை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றவும் முடியாது. அந்த வருஷத்தில் சென்னையில் 1,202 இடங்கள் அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்டன. 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு பிரகடனம் நின்றே போயிற்று. குடிசைகள் பெருகாமலா நின்றன? பிரகடனமில்லாத இடத்தில் வசிப்பவனுக்கு அச்சட்டத்தின் நிழல் கிடையாது. அவன் வெறும் ஆக்கிரமிப்பாளன். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலில் பெயர், மின்சார இணைப்பு, வரி ரசீது எல்லாம் சர்க்காரே கொடுத்திருக்கும். ஓட்டுக் கேட்க வரும்போது அவன் பிரஜை. வீட்டை இடிக்க வரும்போதுதான் அவன் ஆக்கிரமிப்பாளன் என்பது கண்டுபிடிக்கப்படுகிறது.

அதே 1985-ல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, பிழைப்புக்கான உரிமை உயிருக்கான உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வெளியேற்றுவதற்கு முன் நோட்டீசு கொடுத்து, சொல்வதைக் கேட்பதே முறை. கேளாதிருப்பது அபூர்வமான விதிவிலக்காகத்தான் இருக்கலாம் என்றும் கூறிற்று. வழக்காடியவர்களுக்கு அத்தீர்ப்பு வீட்டைத் தந்து விடவில்லை; மழைக்காலம் முடியும் வரையில் அவகாசமே தந்தது. ஆனால் மறுதரப்பைக் கேளாமல் தீர்மானம் செய்யலாகாது என்ற பழைய நீதி, ஓலைக் குடிசையில் இருப்பவனுக்கும் உரியது என்பது அன்றோடு ஸ்தாபிதமாயிற்று. நாற்பது வருஷங்களாக அத்தீர்ப்பை வக்கீல்கள் கோர்ட்டுகளில் எடுத்துக் காட்டி வருகிறார்கள். ஆற்றங்கரையில் அதன் பயன் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

2015 டிசம்பரில் நடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரை புரண்டது. 2018-ல் சட்டசபையின் முன் வைக்கப்பட்ட தணிக்கை அதிகாரியின் அறிக்கை அதை மனிதரால் விளைந்த விபத்தென்றே குறிப்பிட்டது. நீரைத் திறந்து விட்ட முறையில் குற்றம் கண்டது அந்த அறிக்கை. ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது ஆற்றோரக் குடிசைகளுக்கு. வெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே கரையோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் ஏற்றிச் செல்வது ஆரம்பமாயிற்று. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அந்த வெள்ளத்தில் விமான நிலையமும் சில நாள் மூடிக் கிடந்தது. ஓடுபாதையை எவரும் ஆக்கிரமிப்பென்று சொல்லவில்லை. விமானம் இறங்கவேண்டியது அவசியம் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு ஸ்திரீ தன் வேலைக்குப் பக்கத்தில் வசிக்கவேண்டியதும் அவசியமே என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொள்ளட்டும்.

கூவத்தின் கதை இதற்கு முன்னோடி. 2019 டிசம்பர் இறுதியில், தீவுத்திடலுக்கு அருகே சத்தியவாணி முத்து நகரில் வீடுகள் இடிக்கத் தொடங்கப்பட்டன. பள்ளிக்கூட வருஷம் பாதியில் நிற்க, பிள்ளைகள் பரீட்சையை எதிர்நோக்கியிருக்க, குடும்பங்கள் பல மைல் தூரத்திலிருந்த பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. துறைமுகத்திலும் பாரிமுனையிலும் கூலி வேலை செய்தவன் அங்கிருந்து எப்படி வருவான் என்று திட்டம் வரைந்த எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது ஸ்திரீகளுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டு இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போய், நாலு வீட்டில் பாத்திரம் துலக்கித் திரும்புகிறவளுக்குப் பஸ் இனாமாக ஆயிற்றே தவிர, பொழுது இனாமாகவில்லை. அவளில் பலர் வேலையை விட்டு விடுகிறார்கள். வீட்டில் ஒரு வருமானம் குறைந்தால் பெரிய பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இந்தக் கணக்கு எந்த எஸ்டிமேட்டிலும் இடம்பெறுவதில்லை.

2022 மே மாதத்தில், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து உயிர் விட்டார். அதன் பிறகுதான், அங்குள்ளவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்றும், இனி மறுகுடியமர்த்தும் முன் ஜனங்களைக் கலந்து பேசுவோம் என்றும் முதலமைச்சர் சட்டசபையில் வாக்களித்தார். வாக்களித்ததைப் பாராட்டுகிறோம். பக்கத்திலேயே இடம் உண்டு என்பதைச் சர்க்கார் அறிவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்ததே என்பதுதான் வருத்தம்.

அதே வருஷம் நவம்பர் 1-ந் தேதி, நகரங்களிலும் கிராம சபைகளைப் போலப் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் முதலமைச்சரே வந்து ஜனங்களின் நடுவே உட்கார்ந்து குறைகளைக் கேட்டார். அந்தப் பம்மலுக்கு அடுத்த ஊர் அனகாபுத்தூர், அடையாற்றங்கரையில் உள்ளது, அதே மாநகராட்சியைச் சேர்ந்தது. 2025 மே மாதம் அங்கே ஆற்றோர வீடுகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. பட்டா உண்டு, வரி கட்டினோம், இரண்டு தலைமுறையாக இருக்கிறோம் என்று ஜனங்கள் தெருவில் நின்று முறையிட்டார்கள். கோர்ட்டு உத்தரவு, ஆக்கிரமிப்பு என்றார்கள் அதிகாரிகள். இரண்டு பக்கத்து வாதத்தையும் இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ரோட்டு விளக்கையும் குப்பைத் தொட்டியையும் விசாரிக்க ஒரு சபை இருக்கும்போது, ஒரு தெருவே இருக்கவேண்டுமா போகவேண்டுமா என்ற விஷயத்தை அந்தச் சபையின் முன் வைத்து, சர்வே வரைபடத்தை விரித்து, ஆற்றின் எல்லை இது, உன் வீடு இங்கே என்று காட்டி விவாதிப்பதற்கு என்ன தடை? போலீஸ் பந்தோபஸ்தோடு நடத்தியதை வரைபடத்தோடு நடத்தியிருக்கலாம்.

இதற்கு அதிகாரிகள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். கேட்டால் எல்லாரும் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள். பிறகு எந்த வேலையும் நடவாது என்பார்கள். இது அனுபவத்துக்கு ஒத்ததாக இல்லை. முழங்கால் நீரில் வருஷந்தோறும் நின்றவன், பக்கத்தில் நல்ல வீடு கிடைக்குமென்றால் போகவே விரும்புவான். அவன் மறுப்பது தூரத்தையும், பத்தாவது மாடியில் லிப்டு நின்றுபோன இரவையும். மேலும், எந்த அபார்ட்மெண்டின் சாக்கடை எந்தக் குழாய் வழியே, ராத்திரி எத்தனை மணிக்கு ஆற்றில் விழுகிறது என்பதைக் கரையில் இருப்பவனைக் காட்டிலும் அறிந்த எஞ்சினியர் யார்? அவனைக் கேட்காமல் ஆற்றைச் சுத்தம் செய்யப் புறப்படுவது, வீட்டாரை விலக்கிவிட்டுத் திருட்டை விசாரிப்பது போன்றது.

ஆமதாபாத்தைப் பாருங்கள் என்கிறார்கள் சிலர். பார்ப்போம். சபர்மதிக் கரையை அழகுபடுத்த 1997-ல் ஒரு கார்ப்பொரேஷன் நிறுவப்பட்டது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டன. தங்களை எங்கே கொண்டு போகப் போகிறார்கள் என்பதே தெரியாமல், கரைவாசிகள் தாங்களே ஒரு சங்கமாகக் கூடி 2005-ல் குஜராத் ஹைகோர்ட்டுக்குப் போன பிறகுதான் மறுவாழ்வுத் திட்டம் பகிரங்கத்துக்கு வரலாயிற்று. கரை இன்று பார்வைக்கு ரம்மியமாக இருக்கிறது என்பது மெய்யே. அங்கே ததும்பும் நீர் கால்வாய் வழியே வரும் நர்மதையின் நீர் என்பதும் மெய்யே. அடையாற்றுக்கு எந்த நர்மதையைக் கொண்டு வருவார்கள்? இதற்கு வரும் நீர் நமது ஏரிகளின் நீர்தான். ஏரிகளைக் காவாமல் கரைக்குக் கல் பதிப்பதால் ஆறு வாழப்போவதில்லை.

வல்லம் வடகாலிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகேயுள்ள விடுதியில் சாப்பாட்டினால் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் நோயுற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் ரோட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து விட்டார்கள். அதுவரையில் அவர்கள் எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள் என்று விசாரித்தவரில்லை. 2024 ஆகஸ்டு 17-ந் தேதி, வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குவதற்கு 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. வேலை செய்யுமிடத்துக்கு அருகே இருப்பிடம் வேண்டும் என்ற தத்துவத்தைச் சர்க்கார் இங்கே பூரணமாக ஏற்றுக் கொண்டிருக்கிறது. கம்பெனியின் உற்பத்திக்காக ஏற்றதை, சைதாப்பேட்டைச் சலவைத் தொழிலாளிக்காகவும் மீன் விற்பவளுக்காகவும் ஏன் ஏற்கலாகாது? இவர்கள் ரோட்டில் உட்கார்ந்தால் ஏற்றுமதி நிற்காது என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

அடையாற்றுக் கம்பெனி கரையில் இனி ஒரு கல் நடுவதற்கு முன்னால், ஆதனூர் முதல் சீனிவாசபுரம் வரையில் ஆற்றின் எல்லையைச் சர்வே எண்களோடு தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு வார்டிலும் ஒட்ட வேண்டும். குடிசைகளை மாத்திரமின்றி, எல்லைக்குள் இருக்கும் காம்பவுண்டுச் சுவர்களையும் கல்லூரிகளையும் மாளிகைகளையும் அதே மையில் காட்ட வேண்டும். அதன் பேரில் பகுதி சபை கூடி, சொல்லப்பட்ட ஆட்சேபங்கள் எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுத்து மூலம் பதில் வர வேண்டும். ஏற்க முடியாதது என்றால் ஏன் முடியாது என்று சொல்லட்டும். பதில் வராத ஆட்சேபம் இருக்கும் வரையில் எந்த வீட்டின் மீதும் இயந்திரம் ஏறக்கூடாது. பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் எந்த நிலையிலும் ஏறக்கூடாது. மாற்று வீடு எந்த இடத்தில் என்பதையும் அச்சபையிலேயே சொல்லிவிட வேண்டும். நாவலூர் என்றால் நாவலூரில் ஏற்கெனவே இருப்பவர்களையும் கேட்க வேண்டும், அவர்களுக்குள்ள பள்ளியும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் புதிதாக வருகிறவர்களுக்கும் போதுமா என்று.

நமது பக்கத்து வேலை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் தாலுகாக்களில் அடுத்த கிராம சபை கூடும்போது, தங்கள் ஏரியின் விஸ்தீரணம் பழைய ரிஜிஸ்தரில் எவ்வளவு, இன்று எவ்வளவு, வரத்துக் கால்வாய் எந்தத் தொழிற்சாலைச் சுவரில் போய் முட்டி நிற்கிறது என்ற மூன்று கேள்விகளையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி நமது தொண்டர்கள் முன்கூட்டியே பஞ்சாயத்துத் தலைவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து ஏரிகளின் வரைபட நகலை மனுச் செய்து வாங்கி, சபைக்குக் கையோடு கொண்டு போக வேண்டும். தீர்மானத்தின் பிரதியை அடையாற்றுக் கம்பெனிக்கும் ஜில்லா கலெக்டருக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, அத்தாட்சியைப் பத்திரப்படுத்திக் கொள்ள வேண்டும். நகல் நமக்கும் வந்தால் ஊர் பேரோடு பிரசுரிப்போம்.